பொம்மை உட்கார்ந்திருந்த பெஞ்சு

ஜவுளிக்கடை வாசலின் காட்சிக் கண்ணாடிக்குள் அலங்காரம் முடிந்து விளக்கைப் போட்டதும் அம்மாவாசை கடைக்குள் நிற்கமாட்டார். நேரு வீதியைக் குறுக்கே கடந்து, எதிர்ச்சாரியில் நிற்கும் கரும்புச்சாற்று வண்டியிடம் போய்விடுவார். ஒரு தம்ளர் வாங்கி அரை மணி நேரம் குடிப்பார். போகிறவர் வருகிறவர்களில் யார் நிற்கிறார்கள், அவர்கள் கண் எங்கே போய் ஒட்டுகிறது என்று பார்த்து முடித்தால்தான் அவருக்கு வேலை முடிந்த மாதிரி.

ஒருமுறை ஆடித் தள்ளுபடிக்குப் பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்றைத் தெர்மாகோலில் செதுக்கி, சுவருக்குப் பூசும் பட்டியை முள் முள்ளாக வைத்து, பொம்மையின் காலடியில் பிளந்து வைத்திருந்தார். சாறு குடிக்க வந்த ஒரு பெண் எதிரே பார்த்துவிட்டு, "துணிக்கடைல யாராவது பலாப்பழத்த வைப்பானுங்களா? ஈ மொய்க்கப்போவுது பாரு" என்று தன் புருஷனிடம் சலித்துக்கொண்டாள். இதை அம்மாவாசை அன்று வீட்டில் மூன்று முறை சொன்னார். நான்காவது முறை ஆரம்பித்தபோது அவர் மனைவி கமலவேணி, "ஈ வந்துச்சா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க" என்றாள்.

அவருக்கு வயது ஐம்பத்தொன்று. அப்பா மில்லில் தறி ஓட்டியவர். இவரும் அதே மில் கேட்டுக்குள் நுழைந்து ஒன்பது வருடம் நூல் சுற்றினார். மில் மூடிய வருடம் தெருக்கோடி மாதா கோயிலுக்குக் கிறிஸ்துமஸ் குடில் கட்டிக்கொடுத்தார். பிரவுன் பேப்பரைக் கசக்கிப் பாறையாக்கி, காடாத் துணியில் பசை தோய்த்து மலையாக்கினார். மலைமேல் ஏறப்பார்த்த ஒரு குழந்தையை அதன் அப்பா இழுத்துப் பிடித்தார். அந்த அப்பாதான் புருஷோத்தமன், நேரு வீதி ஜவுளிக்கடையின் மேனேஜர். மறுவாரமே ஆளனுப்பினார்.

"பேரு இன்னாய்யா?"

"அம்மாவாசைங்க."

"சரியாப்போச்சு. விண்டோவ மட்டும் பௌர்ணமியா போட்டுக்குடு."

அன்றிலிருந்து பதின்மூன்று வருடம். அந்தக் கடையிலும் காமராஜர் சாலையில் இரண்டு கடைகளிலும் அவர்தான் அலங்காரம் செய்தார். முதலியார்பேட்டை வீட்டின் பின்பக்கம் தகரக் கொட்டகை. பொம்மை ஒட்டும் ரெசின் வாடை அண்டை வீடுகளுக்குப் பழகிவிட்டது. உடைந்த பொம்மைகளும் அங்கேதான் வரும். பொம்மைக்கு முதலில் போவது விரல். புடவை மாற்றும்போது முந்தானை சிக்கி சுண்டுவிரல் ஒடியும். ஒரு பிஸ்கட் டப்பா நிறைய விரல்கள் வைத்திருந்தார். எந்தப் பொம்மைக்கு எந்த விரல் என்பது பார்த்தாலே தெரியும்.

கமலவேணி அதே ஜவுளிக்கடையில் இரண்டாம் மாடி, பட்டுப்பிரிவு. இவர் வேலை எடுத்த இரண்டாம் வருடம் சேர்ந்தாள். காலை ஒன்பதரைக்கு ஏறினால் இரவு ஒன்பதுக்கு இறங்குவாள். அதுவரைக்கும் நிற்க வேண்டும். வாடிக்கையாளர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும். உட்கார்ந்தால் மேலே கேமரா. வீட்டுக்கு வந்ததும் தரையில் மல்லாந்து படுத்து இரண்டு காலையும் சுவரில் தூக்கிச் சாய்த்துக்கொள்வாள். கால் நரம்புகள் கெண்டைச்சதையில் பச்சையாகச் சுருண்டிருக்கும். அவர் பார்க்காததுபோல் டிவியின் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அந்த ஆவணியில் முகூர்த்தப் பட்டு விண்டோவுக்கு ஒரு பெஞ்சு வேண்டும் என்றார் புருஷோத்தமன். ஒயிட் டவுனில் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழைய வீடுகளில் இருக்குமே, கைப்பிடி சுருண்ட நீள மரப்பெஞ்சு, அதைப்போல. அதில் கல்யாணப்பெண் பொம்மை உட்கார்ந்திருக்க வேண்டும்.

பன்னிரண்டு நாள் செய்தார். கால்கள் தெர்மாகோல். மேலே காடாத் துணி, அதன்மேல் பட்டி. உட்காரும் பலகை அட்டை கனத்துக்கு மெல்லிய பிளைவுட். பெயிண்ட் ஈரமாக இருக்கும்போது பழைய சீப்பை இழுத்து மர ரேகை போட்டார். கைப்பிடியில், நூறு வருடம் ஆட்கள் கைவைத்துத் தேய்ந்த இடம்போல் ஓரிடத்தில் மட்டும் பளபளப்பு ஏற்றினார். அந்தப் பளபளப்புக்கே ஒரு முழு நாள் ஆயிற்று. தூக்கினால் ஒரு கையில் வந்துவிடும் பெஞ்சு. பார்த்தால் நாலு ஆள் வேண்டும் என்று தோன்றும்.

பொம்மைக்கு உட்காரத் தெரியாது என்பது கடைக்கு வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது. தரையில் ஓர் இரும்புத் தகடு. அதிலிருந்து எழும் கம்பி, பலகையில் போட்ட ஓட்டை வழியாக மேலே வந்து பொம்மையின் இடுப்புக்குள் செருகிக்கொள்ளும். பாரம் முழுவதும் கம்பிக்கு. பெஞ்சு சும்மா கூட இருக்கும், அவ்வளவுதான். விண்டோவுக்குள் இருக்கிறவரை அதில் ஒரு கேடும் இல்லை, கண்ணாடியைத் தாண்டி யாரும் உள்ளே வரப்போவதில்லை.

தீபாவளிக்காக விண்டோ மாறியபோது பெஞ்சைத் தூக்கிப்போட புருஷோத்தமனுக்கு மனசு வரவில்லை. பொம்மையோடு இரண்டாம் மாடிக்கு ஏற்றி, படிக்கட்டுத் தூணுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். கல்யாண வீட்டார் போட்டோ எடுத்துக்கொள்ளட்டும் என்று. தரைத்தகட்டை முடுக்க அம்மாவாசை போனார். முடுக்கிவிட்டு எழும்போது பக்கத்தில் சரிதா நின்றிருந்தாள். தேங்காய்த்திட்டுப் பெண், வயது இருபத்துநான்கு. கமலவேணியோடு ஒரே கவுண்டர். அவளை அக்கா என்பதால் இவரை மாமா என்பாள்.

"மாமா, இது நெஜ மரமா?"

"நீயே பாத்து சொல்லேன்."

அவள் கைப்பிடியில் அந்தப் பளபளப்பான இடத்தைத் தடவினாள்.

"நெஜந்தான். ஒங்க வேல இல்ல இது. எங்கியோ பழைய வூட்லருந்து வாங்கியாந்துட்டு டபாய்க்கிறீங்க."

அம்மாவாசை சிரித்தார். ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு, சிரித்தபடியே படியிறங்கினார். கரும்புச்சாறு குடிக்காமலேயே அன்று வீட்டுக்குப் போனார். அவ்வளவு நிறைவு.

பதினெட்டு நாள் கழித்து, மதியம் மூன்றேகாலுக்குக் கமலவேணி போன் செய்தாள். "வாங்க" என்ற ஒரு சொல்தான். அவர் போய்ச் சேர்ந்தபோது சரிதாவைப் பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோவில் அனுப்பியிருந்தார்கள்.

காலையிலிருந்து ஒரே கல்யாண வீட்டார். நூற்றுப் பத்துப் புடவை விரித்து, நாலு எடுத்துக்கொண்டு போனார்கள். அத்தனையையும் மடித்து முடித்தபோது மூன்று மணி. தூணுக்கு அந்தப்பக்கம் கேமரா பார்க்காது என்று பெண்களுக்குத் தெரியும். அவ்வளவு பெரிய பொம்மையே இரண்டு மாதமாக அதில் உட்கார்ந்திருக்கிறது, நம் எடை தாங்காதா என்றுதான் யாரும் நினைப்பார்கள். சரிதா பொம்மைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பலகை கிழிந்தது. ஊன்றிய வலது கையின்மேல் மொத்த உடம்பும் விழுந்தது.

அம்மாவாசை மாடியேறிப் பார்த்தார். தெர்மாகோல் துகள்கள் தரையெங்கும் அரிசிபோல் கிடந்தன. பெஞ்சு இரண்டாகப் பிளந்து கிடந்தது. பொம்மை மட்டும் உட்கார்ந்தபடியே இருந்தது. அடியில் ஒன்றுமில்லாமல், கம்பியின்மேல், மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, அதே சிரிப்போடு. துடைத்துக்கொண்டிருந்த ஆயம்மா, "மொதல்ல அதக் கழட்டி எடு சாமி, பாக்க முடியல" என்றாள்.

சரிதாவின் மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. தகடு வைத்தார்கள்.

மூன்றாம் நாள் புருஷோத்தமன் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் டைப் அடித்த ஒரு காகிதம். பெஞ்சு அலங்காரத்துக்கு மட்டுமானது, அதில் உட்காரக் கூடாது என்று ஊழியர்கள் அனைவரிடமும் நேரில் எச்சரித்த பிறகே ஒப்படைத்தேன் என்று எழுதியிருந்தது. கீழே அவர் பெயர்.

"ஒரு சைன் போடு."

"நான் அப்பிடி சொல்லலியே சார்."

"சொல்லலன்னா தப்பு ஒன்னுது ஆவுதுய்யா. பெஞ்சு ஒன்னுது. கை போனது பொண்ணுது. நான் ஒன்னக் காப்பாத்தத்தான் பாக்குறேன்." பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். "இதுல அதுக்கு ஒண்ணும் ஆவாது. கை சரியானா வேலைக்கி வரப்போவுது."

அம்மாவாசையின் காதுக்குள் 'நீயே பாத்து சொல்லேன்' என்று அவர் குரலே கேட்டது. கையெழுத்துப் போட்டார். மில் கேட்டில் கடைசிச் சம்பளம் வாங்கிய நாளில் போட்டதைப்போலவே, பெயரின் கடைசி எழுத்து கீழே இறங்கிவிட்டது.

கை சரியாவதற்குள்ளேயே சரிதாவுக்கு வேலை இல்லை என்றாகிவிட்டது. எச்சரிக்கையை மீறினாள், கடைப்பொருளை உடைத்தாள் என்று கடிதம் போயிற்று. அதோடு அம்மாவாசை கையெழுத்திட்ட காகிதத்தின் நகலும் போயிற்று. கமலவேணிக்கு அது தெரிந்த அன்று, வழக்கம்போல் கால்களைச் சுவரில் தூக்கி வைத்துப் படுத்திருந்தாள். கூரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"அவ நெஜ மரமான்னு கேட்டப்ப நானும் அங்கதான் நின்னேன். ஞாபகம் இருக்கா ஒங்களுக்கு?"

அவர் டிவியின் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவள் அதைப்பற்றிப் பேசவில்லை. சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், விளக்கை அணைத்தாள். ஒரு மாதம் அப்படிப் போயிற்று. அந்த மாதத்தில்தான் அம்மாவாசைக்கு ஒரு பழக்கம் வந்தது. எங்கே போனாலும், டீக்கடை ஸ்டூலானாலும் பஸ் சீட்டானாலும், முதலில் கையால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டாம் மாடியில் ஒரு வீட்டு முகப்பு கேட்டார் புருஷோத்தமன். மஞ்சள் சுவர், வெள்ளை ஓரம், பச்சைச் சன்னல், மேலே காகிதப்பூக் கொடி. பெஞ்சு இருந்த அதே இடம். முகப்புக்கும் நிஜச் சுவருக்கும் நடுவே, வயர் போகவும் ஆள் நுழையவும் மூன்றடி இடைவெளி விடுவது வழக்கம். சுவரின் முன்பக்கத்துக்குப் பெயிண்டும் பூவும். பின்பக்கம் எப்போதும் வெறும் சட்டம்தான், அதை யார் பார்க்கப்போகிறார்கள்?

இந்த முறை அம்மாவாசை பின்பக்கத்திலிருந்து வேலையை ஆரம்பித்தார். நிஜச் சுவரில் துளைபோட்டு இரும்பு ஆங்கிள் நான்கை முடுக்கினார். அதன்மேல் ஒன்றரை அங்குல வேங்கைப் பலகை. கால்படும் இடத்தில் ஒரு கட்டை. பெயிண்ட் அடிக்கவில்லை. உப்புக்காகிதத்தால் தேய்த்து, புடவை நூல் சிக்குகிறதா என்று காடாத் துணியை இழுத்து இழுத்துப் பார்த்தார். பிறகு ஏறி நின்று குதித்தார். மூன்று முறை குதித்தார். ஆயம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மாவாசைக்கி இன்னா சாமி வந்துச்சா?" என்றாள்.

கடை திறக்குமுன் கமலவேணியைப் பின்னால் அழைத்துப்போய்க் காட்டினார்.

"கேமரா பாக்காது. ரெண்டு ரெண்டு பேரா, அஞ்சஞ்சு நிமிஷம். நெஜப் பலக."

அவள் குனிந்து பலகையைத் தொட்டாள். உட்காரவில்லை.

"எங்களுக்குப் பலக போட்டுட்டீங்க. அவளுக்கு?"

கீழே ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டது. அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு கவுண்டருக்குப் போய் நின்றுகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் தேங்காய்த்திட்டுக்குப் போனார். நான்கு இரவு யோசித்துத் தன் கையாலேயே எழுதிய ஒரு காகிதம் சட்டைப்பையில் இருந்தது. துறைமுகத்துச் சாலையில் ஐஸ் வண்டிகள் நின்றிருந்தன. சரிதாவின் அம்மா அமிர்தவல்லி மீன் ஏலத்திலிருந்து வந்து, வாசலில் கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவர் இன்னாரென்று சொன்னதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"பொம்ம செய்றவரா? வாங்க. எங்க வூட்டு நாற்காலி நெஜ நாற்காலிதான். பயப்புடாம ஒக்காருங்க."

அவர் நின்றுகொண்டார். உள்ளே சரிதா ஒரு பழைய புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். இடது கையால் உதறி, வலது முழங்கையால் அமுக்கி. ஓரம் ஓரத்தோடு சேரவில்லை. மறுபடி உதறினாள். பட்டுப்பிரிவில் அவள் ஒரே வீச்சில் ஆறு கெஜத்தை விரித்து, ஒரே மடக்கில் மூடுவதை அவர் பார்த்திருக்கிறார்.

காகிதத்தை நீட்டினார். நான் யாரையும் எச்சரிக்கவில்லை, நிஜ மரமா என்று கேட்டபோதும் சொல்லவில்லை, முன்பு கையெழுத்திட்டது பொய் என்று எழுதியிருந்தது. அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"ஏன் அன்னைக்கி சொல்லல?"

"நீ நெஜம்னு நெனச்சது எனக்குப் பெருமையா இருந்துச்சும்மா. அதான். வேற ஒண்ணும் இல்ல."

அவர் அந்த 'மாமா'வுக்காகக் காத்திருந்தார். வரவில்லை.

"அன்னைக்கி போட்டதும் காயிதம். இதுவும் காயிதம்." அதை நான்காக மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "லேபர் ஆபீஸ்ல எழுதிப் போட்டிருக்கேன். வர வியாழக்கெழம பதினோரு மணிக்கிக் கூப்புட்டிருக்காங்க. மேனேஜரும் வருவாரு. அவரு எதிர்ல வந்து வாயால சொல்லுவீங்களா?"

அமிர்தவல்லி கூடை கழுவுவதை நிறுத்தியிருந்தாள். அம்மாவாசைக்கு மூன்று கடைகளும் கண்முன் வந்தன. இரண்டாம் மாடியில் நிற்கும் கமலவேணியும் வந்தாள்.

"வர்றேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து கமலவேணியிடம் சொன்னார். "ஒன் வேலயும் போவும்."

"கால் ஏற்கெனவே போயிடுச்சு" என்றாள். சிரித்தாளா என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் சாப்பிடும்போது அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

வியாழக்கிழமை காலை அவள் கடைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள். "பொண்ணுங்க எல்லாம் அந்தப் பலகைல ஒக்கார்றாங்க. நான் இன்னும் ஒக்காரல. நீங்க சொல்லிட்டு வாங்க. அப்பறம் பாக்கலாம்."

அலுவலக அறையில் அதிகாரி அம்மாள் காகிதங்களைப் புரட்டினார். புருஷோத்தமன் கோப்போடு வந்திருந்தார். அம்மாவாசையைப் பார்த்ததும், தங்கள் பக்கத்துச் சாட்சி என்று நினைத்து நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். அம்மாவாசை அதில் உட்காரவில்லை.

"இது உங்க கையெழுத்தா?"

"என்னுதுதாங்க. ஆனா பொய்ங்க."

புருஷோத்தமன் திரும்பிப் பார்த்தார்.

"பொம்மை கம்பில நிக்கும் மேடம், பெஞ்சுல இல்ல. அது எங்க தொழில்ல இருக்கறவங்களுக்குத்தான் தெரியும். பொண்ணுங்களுக்குத் தெரியாது. சொல்ல வேண்டியவன் நான். யாருகிட்டயும் சொல்லல. இந்தப் பொண்ணு நேரா கேட்டுச்சு. அப்பவும் சொல்லல." சரிதாவின் பக்கம் கைகாட்டினார். "அது மேல தப்பு இல்லீங்க. காலைலருந்து நின்னுச்சு. ஒக்காந்துச்சு."

அதிகாரி எழுதிக்கொண்டார். எழுதியதைப் படித்துக் காட்டி, அவரிடம் கையெழுத்து வாங்கினார். வேலையைத் திரும்பக் கொடுப்பது பற்றியும் வைத்தியச் செலவு பற்றியும் கடை முதலாளி பதினைந்து நாளில் பதில் தர வேண்டும், இன்றைய நடவடிக்கையின் நகலை டைப் அடித்துத் தருகிறோம், வெளியே இருங்கள் என்றார்.

வராந்தாவில் புருஷோத்தமன் அவரைத் தாண்டிப் போகும்போது நின்றார். கோபமாகத்தான் பேசப்போகிறார் என்று நினைத்தார் அம்மாவாசை. அவர் தணிந்த குரலில், "பொங்கல் விண்டோ வேற ஆளுக்குச் சொல்லிடுறேன்யா" என்றார். பிறகு படியிறங்கிப் போய்விட்டார்.

பதின்மூன்று வருடம். அம்மாவாசை தலையாட்டினார். பிஸ்கட் டப்பாவிலிருக்கும் விரல்களில் பாதி அந்தக் கடைப் பொம்மைகளுடையவை என்பதுதான் ஏனோ அப்போது நினைவுக்கு வந்தது.

சுவரோரம் ஒரு பெஞ்சு கிடந்தது. சர்க்கார் பெஞ்சு, ஒரு கால் குட்டை, அடியில் செங்கல் சில்லு. சரிதா வலது கையை இடது கையில் ஏந்திக்கொண்டு, அதற்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். நகல் வர ஒரு மணி நேரமாகும் என்று பியூன் சொல்லிவிட்டுப் போனார். அப்போதும் நின்றாள்.

அம்மாவாசை குனிந்து பலகையை அழுத்தினார். அடியில் கைவிட்டுச் சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். செங்கல் சில்லைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினார். பிறகு குட்டைக்கால் பக்கமாக, தன் முழு பாரத்தையும் மெதுவாக இறக்கி, தானே முதலில் உட்கார்ந்தார். பெஞ்சு ஒருமுறை முனகிவிட்டு நின்றது.

"ஒக்காரும்மா" என்றார். "தாங்கும்."

அவள் அவரைப் பார்த்தாள், பெஞ்சைப் பார்த்தாள். பிறகு, இருவருக்கும் நடுவே ஒரு ஆள் இடம் விட்டு, உட்கார்ந்தாள்.